பீட்டா பிளாக்கர் தடித்த இதயத்தைத் தளர்த்துகிறதா, தளர நேரம் கொடுக்கிறதா?

வைகைக்கரை

வணக்கம். என் மனைவிக்கு வயது 41. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போனதில் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்றார்கள். இதயத் தசை தானாகவே தடித்துப்போகும் நோய். கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் 19 மி.மீ. இரத்தம் வெளியேறும் பாதையிலும் அடைப்பு. ஓய்வில் இருக்கும்போதே கிரேடியன்ட், அதாவது அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், 68. மெட்டோப்ரோலால் எக்ஸ்எல் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரையை ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக 100 மி.கி. வரை ஏற்றினார்கள்.

இப்போது எடுத்த எக்கோவில் கிரேடியன்ட் 26-க்கு இறங்கியிருக்கிறது. நாடி 84 இருந்தது 60 ஆகிவிட்டது. கடைக்குப் போய் பையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் வீட்டுக்கு வருகிறாள். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரி மட்டும் மாறவில்லை: "டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் கிரேடு 1". இதயம் தளர்ந்து நிரம்புவதில் குறை என்று அர்த்தமாம். முதல் ரிப்போர்ட்டிலும் அதே வரிதான். இந்த மாத்திரை இதயத்தைத் தளர்த்தும் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். தளர்த்தியிருந்தால் அந்த வரி மாற வேண்டாமா?

இன்னொரு சந்தேகம். அட்ரினலின் வந்தால் இதயத் தசை வேகமாகத் தளரும் என்று படித்தேன். அதைத் தடுக்கிற மாத்திரை தளர்வைக் கெடுக்கத்தானே செய்யும்? மாத்திரையை நிறுத்தும் எண்ணம் இல்லை. புரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கரிசல்மண்

நல்ல கேள்வி சார். எங்க அப்பாவுக்கும் இதே நோய்தான். அவருக்கு வெராபமில்னு வேற வகை மாத்திரை கொடுத்தாங்க. அதுதான் நேரடியா தளர்த்தும், பீட்டா பிளாக்கர் சும்மா நாடியைக் குறைக்கும், அவ்வளவுதான்னு கேள்விப்பட்டிருக்கேன். டாக்டர் யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

நாடிபார்ப்பவன்

இதயநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவன். பொதுவாகத்தான் சொல்ல முடியும்; உங்கள் மனைவியைப் பார்க்கும் டாக்டர் சொல்வதே அவருக்குச் சரி.

வைகைக்கரை சார், நீங்கள் படித்தது சரிதான். இதயம் சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் சக்தி வேண்டும். சுருங்கும்போது தசை செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. தளர வேண்டுமென்றால் அந்தக் கால்சியத்தைத் திரும்ப உள்கிடங்குக்கு ஏற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பம்புக்கு சர்கா என்று பெயர். ஃபாஸ்ஃபோலாம்பன் என்ற சிறிய புரதம் அந்தப் பம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். அட்ரினலின் பீட்டா ஏற்பியில் வந்து உட்கார்ந்தால் அந்தப் பிடி விடுகிறது, பம்பு வேகமாக ஓடுகிறது. கூடவே தசையில் உள்ள ட்ரோபோனின் என்ற புரதமும் கால்சியத்தைச் சீக்கிரம் விட்டுவிடுகிறது. அதனால்தான் ஓடும்போது நாடி 150-ஐத் தொட்டாலும் ஆரோக்கியமான இதயம் அந்தக் குறைந்த நேரத்துக்குள் தளர்ந்து நிரம்பிவிடுகிறது.

பீட்டா பிளாக்கர் இந்த உதவியைத் தடுக்கிறது. ஆக ஒரு தனித் தசை செல்லை மட்டும் எடுத்துப் பார்த்தால், மாத்திரை தளர்வை வேகப்படுத்துவதில்லை. கொஞ்சம் மெதுவாக்கக்கூட செய்யலாம். நோயாளிக்கு நன்மை வருவது வேறு வழியில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாடி 60 என்றால் ஒரு துடிப்புக்கு 1000 மில்லி வினாடி. அதில் சுருக்கத்துக்கு ஏறக்குறைய 350 போனால், நிரம்புவதற்கு 650 மிச்சம். நாடி 120 ஆனால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 500 தான். சுருக்கத்தின் நேரம் பாதியாகக் குறையாது. அது சுமார் 250-ஐ எடுத்துக்கொள்ளும். நிரம்ப மிச்சம் 250. நாடி இரட்டிப்பானதும் நிரம்பும் நேரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. தடித்த தசை முதலிலேயே மெதுவாகத் தளர்கிறது. அது தளர்ந்து முடிப்பதற்குள் அடுத்த சுருக்கம் வந்துவிட்டால், உள்ளே வர வேண்டிய இரத்தம் மேலறையிலும் நுரையீரல் நாளங்களிலும் தேங்கும். அதுதான் மாடிப்படியில் வரும் மூச்சுத்திணறல்.

கதவு மெதுவாகத் திறக்கும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கர் கதவைப் பழுதுபார்ப்பதில்லை. பஸ்ஸை நிறுத்தத்தில் கூடுதல் நேரம் நிற்க வைக்கிறது. ஏற வேண்டியவர்கள் ஏறிவிடுகிறார்கள்.

இதோடு இரண்டு மறைமுகப் பலன்களும் உண்டு. உங்கள் மனைவி விஷயத்தில் அவைதான் பெரியவை என்பது என் கருத்து. ஒன்று, கிரேடியன்ட் 68-லிருந்து 26. சுருக்கத்தின் பின்பாதியில் அடைப்பை எதிர்த்துத் தள்ள வேண்டியிருந்தால், அந்தச் சுமையே தளர்வைத் தாமதப்படுத்தும். சுமை குறைந்தால் அந்தத் தாமதமும் குறையும். இரண்டு, இடது கீழறைத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது. தடித்த தசையில் நுண்நாளங்களும் குறுகியிருக்கும். தளர்ந்திருக்கும் நேரம் கூடினால் தசைக்கு ஆக்சிஜன் கூடும், தேவையும் குறையும். ஆக்சிஜன் பற்றாத தசை தளரவும் முடியாமல் தவிக்கும். பம்பு ஓடவே சக்தி வேண்டுமே.

கரிசல்மண்

ரொம்ப நன்றி டாக்டர். அப்போ நேரடியா தளர்த்துற வெராபமிலே எல்லாருக்கும் கொடுத்துடலாமே? ஏன் முதல்ல பீட்டா பிளாக்கர்?

நாடிபார்ப்பவன்

இது பழைய விவாதம். 1964-லேயே அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் இதயநோய் நிபுணர் ப்ரான்வால்டின் குழு இந்த நோயாளிகளுக்கு பீட்டா தடுப்பைச் சோதித்துப் பார்த்தது. ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்த ப்ரொப்ரனலால் அந்தச் சமயத்தில்தான் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. பின்னாளில் 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்றைக்கு அவர்கள் தேடியது தளர்வை அல்ல. உடற்பயிற்சியிலும் பதற்றத்திலும் அடைப்பு ஏறாமல் பிடித்து வைக்க ஒரு மருந்து வேண்டும் என்பதுதான்.

தளர்வுக் கேள்வி பெரிதானது வெராபமில் வந்த பிறகு. 1981-ல் அதே நிறுவனத்தில் போனோவும் சக ஆய்வாளர்களும், வெராபமில் எடுத்தவர்களுக்கு இடது கீழறை வேகமாக நிரம்புவதைக் கதிரியக்கப் படங்கள் மூலம் காட்டினார்கள். ஆகவே நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே 1981-ல், அதே இடத்திலிருந்து எப்ஸ்டீனும் ரோசிங்கும் எச்சரிக்கையும் எழுதினார்கள். வெராபமில் நாளங்களை விரிக்கும். அடைப்பு கடுமையாக இருந்து, நுரையீரல் அழுத்தமும் ஏற்கெனவே உயர்ந்திருப்பவருக்கு, நாளம் விரிந்து பிரஷர் இறங்கினால் அடைப்பு இன்னும் கூடும். நுரையீரலில் நீர் கோக்கும். சிலருக்கு உயிராபத்தே ஆகியிருக்கிறது. நிரம்பும் வேகத்தை மட்டும் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று சொல்வது இதனால்தான். அடைப்பு உள்ளவருக்கு முதலில் நாளத்தை விரிக்காத பீட்டா பிளாக்கர், அது ஒத்துக்கொள்ளாவிட்டாலோ போதாவிட்டாலோ வெராபமில் அல்லது அதே வகையான டில்டியாசெம் என்ற வரிசை அப்படி வந்தது. உங்கள் அப்பாவுக்கு ஆஸ்துமா இருக்கிறதா? பீட்டா பிளாக்கர் மூச்சுக்குழாயை இறுக்கலாம்; அப்படியானால் வெராபமில் கொடுத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கரிசல்மண்

ஆமா டாக்டர், வீசிங் உண்டு. இன்ஹேலர் வெச்சிருக்கார். இப்போ புரியுது.

செவ்வந்தி

எக்கோ எடுப்பதுதான் என் வேலை. அந்தக் கடைசி வரியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

நாங்கள் பார்ப்பது இதுதான். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வு வழியாக இரத்தம் இரண்டு அலைகளாக உள்ளே வரும். கீழறை தளரும்போது முதல் அலை, ஈ. மேலறை சுருங்கித் தள்ளும்போது இரண்டாவது, ஏ. அப்புறம் வால்வின் ஓரத்தில் தசையே எவ்வளவு வேகமாக விரிகிறது என்று டிஷ்யூ டாப்ளரில் அளப்போம். அதற்கு ஈ பிரைம் என்று பெயர். சுவர்ப் பக்கம் வினாடிக்கு 7 செ.மீ.க்குக் கீழே இருந்தால் குறைவு. இந்த நோய் உள்ளவர்களுக்கு 4, 5 என்றே வரும். மருந்து கொடுத்த பிறகும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். தசைநார்கள் தாறுமாறாக அடுக்கியிருப்பதும் நடுவில் தழும்புத் திசு இருப்பதும் மாத்திரையால் மாறுகிற சங்கதி இல்லையே.

இன்னொன்று. நாடி 84-ல் எடுத்த படத்தையும் 60-ல் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஈ-ஏ விகிதத்தை ஒப்பிடக்கூடாது. நாடி வேகமாக இருக்கும்போது இரண்டு அலையும் நெருங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். நாடி குறைந்தால் விலகி நிற்கும். இதயத்தில் எதுவும் மாறாமலே எண்கள் மாறும். சிலருக்கு, நாடி 55 மாதிரி இருக்கும்போது, ஈ-க்கும் ஏ-க்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு குட்டி அலை வரும். எல் அலை என்போம். முதல் அலை முடிந்த பிறகும் தசை இன்னும் தளர்ந்துகொண்டே இருக்கிறது, அந்த நேரத்திலும் இரத்தம் சொட்டுச்சொட்டாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். டாக்டர் சொன்ன "நேரம்" திரையில் கண்ணுக்குத் தெரிகிற இடம் அதுதான். முதல் முறை பார்த்தபோது மெஷினில் ஏதோ கோளாறு என்று எங்கள் பயிற்சி மாணவி புரோபை மாற்றிவிட்டாள்!

ஆகவே சார், அந்த வரி மாறாததால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். ரிப்போர்ட்டில் இடது மேலறையின் கொள்ளளவு எவ்வளவு என்று பாருங்கள். உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 34 மி.லி.க்கு மேல் என்றால் மேலறை நாள்பட்ட அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது ஏறுகிறதா, நிற்கிறதா என்பதை நான் கிரேடைவிடப் பெரிதாக மதிப்பேன்.

வைகைக்கரை

38 என்று இருக்கிறது மேடம். முதல் ரிப்போர்ட்டில் 39.

செவ்வந்தி

அப்படியென்றால் நிலையாகத்தான் இருக்கிறது. ஒன்றிரண்டு வித்தியாசம் அளவெடுப்பதிலேயே வரும்.

பொதிகைத்தென்றல்

நான் நோயாளி. வயது 60-ஐ நெருங்குகிறது. எனக்குத் தடிப்பு உண்டு, அடைப்பு கிடையாது. "நாடி குறையக் குறைய நல்லது" என்ற நினைப்பு எல்லாருக்கும் பொருந்தாது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு டோஸை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஓய்வில் நாடி 48. உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. நடந்தால் கால் கனக்கும், மேட்டில் ஏறினால் கண் இருட்டும். நோய் முற்றிவிட்டது என்றே வீட்டில் பயந்துபோனார்கள். வேறொரு டாக்டர் டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்தார். எவ்வளவு நடந்தும் நாடி 90-ஐத் தாண்டவில்லை. நோய் அல்ல, டோஸ்தான் அதிகம் என்று சொல்லி மெல்ல மெல்லப் பாதியாக்கினார். ஒன்றிரண்டு மாதத்தில் பழைய நடைக்கு வந்துவிட்டேன். இது ஏன் என்று டாக்டர் விளக்கினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

நாடிபார்ப்பவன்

ஐயா, இதை நீங்கள் எழுதியது பெரிய உதவி. நான் விட்டுவிட்ட பாதி இது.

நேரம் கொடுப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. விறைத்த கீழறை ஓரளவு நிரம்பியதும் அதற்கு மேல் விரியாது. அதன் பிறகு 100 மில்லி வினாடி கூடக் கொடுத்தாலும் உள்ளே வருவது எதுவும் இல்லை. ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ நிலைத்துவிடுகிறது. ஓய்வில் இது பிரச்சினை இல்லை. நடக்கும்போது உடல் கூடுதல் இரத்தம் கேட்கிறது. ஒரு துடிப்பின் அளவைக் கூட்ட முடியாத இதயம், துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் அதைக் கொடுக்க முடியும். அந்த வழியையும் மாத்திரை அடைத்துவிட்டால் கால் கனக்கத்தான் செய்யும்.

அடைப்பு உள்ளவருக்குக் கணக்கு வேறு. டென்மார்க்கில் 29 நோயாளிகளிடம் மெட்டோப்ரோலாலையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் செய்த சோதனை 2021-ல் வந்தது. ஓய்வில் கிரேடியன்ட், வெற்று மாத்திரையில் 72, மெட்டோப்ரோலாலில் 25. உடற்பயிற்சி முடிந்த உடனே அளந்ததில் 115-க்கு 45. மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் குறைந்தன. ஆனால் உச்ச உழைப்பில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு கூடவில்லை. அடைப்பு இவ்வளவு இறங்கியும் அது ஏன் கூடவில்லை? நாடி ஏறவிடாமல் பிடித்து வைத்ததும் ஒரு காரணம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால் பொதிகை ஐயா மாதிரி அடைப்பு இல்லாதவர்களுக்கு, எந்த நாடியில் அவர் நன்றாக நடக்கிறார் என்று பார்த்து டோஸ் வைப்பதுதான் முறை. ஓய்வில் உள்ள எண்ணை மட்டும் துரத்தினால் ஐயாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

வைகைக்கரை

புதிதாக வந்த மருந்தோடு ஒப்பிட்டதில் மெட்டோப்ரோலால் தோற்றுவிட்டது என்று ஒரு செய்தி பார்த்தேன். மனைவிக்கு அது தெரிந்ததிலிருந்து மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறாள்.

நாடிபார்ப்பவன்

முதலில் ஒன்று: திடீரென்று நிறுத்தக்கூடாது. நாள்கணக்கில் தடுக்கப்பட்டிருந்த ஏற்பிகள் எண்ணிக்கையில் கூடியிருக்கும். மருந்து சட்டென்று போனால் நாடியும் அடைப்பும் பழையதைவிட மோசமாக எகிறலாம். அவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வது 2025-ல் வந்த மேப்பிள் ஆய்வு. அடைப்பு உள்ள 175 பேரில் ஒரு பாதிக்கு அஃபிகாம்டென் என்ற புதிய மருந்து, மறுபாதிக்கு மெட்டோப்ரோலால், 24 வாரம். உச்ச ஆக்சிஜன் அளவு அஃபிகாம்டென் எடுத்தவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 1.1 மி.லி. கூடியது, மெட்டோப்ரோலாலில் 1.2 குறைந்தது. முக்கியமான முடிவுதான், மறைக்க வேண்டியதில்லை.

காரணம் இந்த இழையின் கேள்வியிலேயே இருக்கிறது. இந்த நோயில், தசையைச் சுருக்கும் புரதமான மயோசினின் தலைகள் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்திலும் நிறையப் பேர் வேலைக்கு நிற்கிறார்கள்; தசை முழுதாக விடுவதே இல்லை. மாவகாம்டென், அஃபிகாம்டென் இரண்டும் அந்தத் தலைகளை ஓய்வு நிலைக்கு அனுப்புகின்றன. அங்கேதான் நேரடியாகத் தளர்வு நடக்கிறது. பீட்டா பிளாக்கர் அந்த இடத்தைத் தொடுவதில்லை. ஆனால் புதிய மருந்துகள் சுருங்கும் பலத்தையும் குறைக்கும். மாவகாம்டென் எடுப்பவருக்கு இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் (ஒரு துடிப்பில் கீழறை வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 50 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்தியாக வேண்டும். அதற்காக விடாமல் எக்கோ எடுக்க வேண்டும். விலையும் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. உங்கள் மனைவிக்கு மெட்டோப்ரோலாலில் அடைப்பு இறங்கி, மூச்சும் தேறியிருக்கிறது. வேலை செய்கிற மருந்தை ஒரு செய்திக்காக மாற்ற வேண்டியதில்லை. மீண்டும் மூச்சு வாங்கினால் அப்போது டாக்டரிடம் பேசலாம்.

மருந்துக்கடை

பார்மசிஸ்ட். மூன்று விஷயம் சொல்கிறேன், கவுண்டரில் தினமும் பார்ப்பது. எக்ஸ்எல் மாத்திரையை மென்றோ நசுக்கியோ எடுக்காதீர்கள். ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அடைப்பு உள்ளவருக்கு வேறு ஒருவர் "பிரஷருக்கு" என்று அம்லோடிபின் எழுதினாலோ, நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் கொடுத்தாலோ, இந்த நோய் இருப்பதைச் சொல்லுங்கள். நாளம் விரிந்தால் அடைப்பு கூடும். எல்லா பீட்டா பிளாக்கரும் ஒன்றல்ல. கார்வெடிலால், லாபெட்டலால் நாளத்தை விரிப்பவை. ஸ்டாக் இல்லை என்று யாராவது மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களுக்கு, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பு இந்த மாத்திரையால் தெரியாமல் போகலாம். வியர்வைதான் மிச்சமிருக்கும் அறிகுறி.

கரிசல்மண்

நாலு விஷயம் சொல்லிட்டீங்க அண்ணா, நாலும் வேணும். எனக்கு ஒரு கேள்வி: அப்பாவுக்கு இருந்தா எனக்கும் பார்க்கணுமா?

நாடிபார்ப்பவன்

கட்டாயம். இது பெரும்பாலும் பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்போடு வருவது. உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும். இப்போது சரியாக இருந்தாலும் சில வருடத்துக்கு ஒரு முறை திரும்ப. இந்தியர்களிடம் ஒரு தனி விஷயமும் உண்டு. மயோசின் பைண்டிங் புரதம் சி-யின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை, தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக 2009-ல் தண்டபாணி, தங்கராஜ் உள்ளிட்டோர் வெளியிட்டார்கள். அதை வைத்திருக்கும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. அதனால் பயப்பட வேண்டாம், ஆனால் எக்கோவைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன், மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அடுத்த முறை டிரெட்மில் எக்கோ எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குக் காலை மாத்திரை போடலாமா, கூடாதா?

நாடிபார்ப்பவன்

எதைத் தெரிந்துகொள்ள எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இப்போதைய சிகிச்சை போதுமா, நடக்கும்போது அடைப்பு எவ்வளவு ஏறுகிறது, நாடி எங்கே நிற்கிறது என்று பார்க்க என்றால் மாத்திரையோடுதான் எடுக்க வேண்டும். உங்கள் மனைவிக்கு அதுவாகத்தான் இருக்கும். மருந்து இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் அவர்களே சொல்லி, படிப்படியாகக் குறைப்பார்கள். நீங்களாக அன்று காலை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் போய்க் காத்திருக்கவும் வேண்டாம். உடலில் நீர் குறைந்தால் கீழறை சுருங்கி, இல்லாத அடைப்பும் ஏறிக் காட்டும்.

செவ்வந்தி

தளர்வான உடையும் நடக்க வசதியான ஷூவும் போட்டு வரச் சொல்லுங்கள். டிரெட்மில்லிலிருந்து இறங்கியதும் மறுபடி படுத்து, ஒரு நிமிடத்துக்குள் படம் எடுத்தாக வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் முடிக்க வேண்டுமே என்று அடக்கிக்கொள்ளாமல் அங்கேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். பழைய இரண்டு ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுவாருங்கள் சார்.